இரண்டாம் மாடியில் ஒளித்துப் படுத்த இரண்டு கிழமைகள்

காலை ஐந்து மணி. நானும் சுகந்தியும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடியிலிருந்து ஆறாம் மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தோம். லிஃப்டில் போகலாம்தான். ஆனால் அது ஆறாம் மாடியில் நிற்கும்போது 'டிங்' என்று ஒரு மணிச்சத்தம் வரும். எங்கள் வீட்டுக்குள் படுத்திருக்கும் அக்காவுக்கு அது கேட்டுவிடும் என்று பயம்.

என் வாயில் பல் துலக்கும் பிரஷ். சுகந்தியின் கக்கத்தில் தலையணை. ஜூன் மாதம் என்பதால் வெயில் எங்களுக்கு முன்பே எழும்பிவிட்டிருந்தது. படிக்கட்டின் நீளமான கண்ணாடி வழியாகக் கடல் தெரிந்தது. அலை இல்லை, ஆள் இல்லை.

நாலாம் மாடித் திருப்பத்தில் பெரித் எதிரே வந்தார். எழுபது தாண்டிய நோர்வேக்காரி. ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கிறார். கோடையோ மாரியோ, விடியற்காலையில் ஃபியோர்ட் கடலுக்குள் ஒரு முறை குதிக்காமல் அவருக்குக் கோப்பி இறங்காது. குளியல் அங்கியோடு நின்று என் பிரஷையும் சுகந்தியின் தலையணையையும் பார்த்தார். பிறகு சிரித்தபடி விரலை உதட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அறுபத்திரண்டு வயதில் சொந்த வீட்டுக்குள் கள்ளனைப் போலப் போகிறேனே என்ற வெட்கம் மட்டும் இருந்தது. சுகந்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவளோ தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து அறையிலிருந்து ஒன்றரை அறைக்கு

ஒஸ்லோவுக்கு வெளியே, லோறென்ஸ்கூக்கில் இருந்த வீட்டை விற்ற கதையைப் போன கிழமை எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து அறை, நிலக்கீழ் அறை, கராஜ், வாசல் நிறையப் பனி. அந்தப் பனியை அள்ளி அள்ளி என் முதுகு போனது. மகள் ஆரணி பேர்கன் நகரத்துக்கு வேலைக்குப் போன பிறகு, மூன்று அறைகளுக்குள் நாங்கள் தூசி துடைக்க மட்டும்தான் போனோம்.

"அப்பா, ரெண்டு பேருக்கு என்னத்துக்கு ஐஞ்சு அறை? கடலுக்குக் கிட்டச் சின்னனா ஒண்டு வாங்குங்கோவன்" என்றாள் ஆரணி.

அப்படித்தான் சோறெங்காவுக்கு வந்தோம். ஒஸ்லோத் துறைமுகத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய சரக்கு மேடை இது. இப்போது செங்கல்லும் கண்ணாடியுமாக வீடுகள். வீட்டு வாசலில் இருந்து பலகைப் பாதையில் நடந்தால் நேரே தண்ணீர். சவுனா என்கிற மிதக்கும் வேர்வைக் குளியல் குடில்களின் புகைபோக்கிகளில் எந்நேரமும் விறகு மணம். உள்ளே வெந்து சிவந்த சனம் கத்திக்கொண்டு கடலில் விழும். முதல் நாள் நான் யாரோ தாழ்கிறார்கள் என்று நினைத்து ஓடினேன்.

எங்கள் வீடு ஐம்பது சதுர மீற்றர். ஒரு படுக்கையறை, சமையலோடு சேர்ந்த ஒரு ஹோல். அவ்வளவுதான். ஆனால் காலையில் கடலில் பட்ட வெயில் திரும்பி வந்து எங்கள் அறைக் கூரையில் நெளியும். முதல் மாதம் முழுக்க நான் அதைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தேன். முப்பது வருடம் டிராம் ஓட்டியவனுக்கு, நேரம் பார்க்காமல் படுத்துக் கிடப்பது பழகுவதற்கே ஒரு மாதம் தேவைப்பட்டது.

லோறென்ஸ்கூக்கில் இருந்து எங்கள் ஆட்கள் ஒருமுறை வந்தார்கள். கார் விட இடம் தேடி முக்கால் மணித்தியாலம் சுற்றிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். "கார் விட இடமில்லாத ஊரிலை என்னெண்டு சீவிக்கிறியள்?" என்றார் ஒருவர். பல்கனியில் நின்று கடலைக் காட்டினேன். வடிவாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வரவில்லை.

அக்கா சும்மா வரவில்லை

அக்கா டென்மார்க்கில் இருக்கிறார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஜட்லாந்துப் பக்கம் ஒரு சின்னப் பட்டணம். மீன் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. அவர் இங்கே வந்த ஜூனுக்கு முந்திய இலையுதிர் காலத்தில் அத்தான் மோசம் போய், அக்கா தனித்துப்போனார்.

"டிவியோடை கதைக்கிறன் தம்பி. அது நல்ல டேனிஷ் கதைக்குது" என்று போனில் சிரிப்பார். நானும் சிரிப்பேன். போனை வைத்தபின் இரண்டு பேருக்கும் சிரிப்பு இருந்திருக்காது.

ஜூனில் கோபன்ஹேகன் கப்பலில் வந்து இரண்டு கிழமை நிற்கிறேன் என்றார். சுகந்தி அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"மச்சாள் சும்மா வரேல்லை. எங்களோடை வந்து இருங்கோ எண்டு நாங்கள் கூப்பிடுவமோ எண்டு பாக்க வாறா."

"உனக்கு அவ சொன்னவவோ?"

"சொல்லவேணுமே?"

டென்மார்க் கடவுச்சீட்டு இருப்பவர்களுக்கு இங்கே வந்து குடியிருக்கத் தடையில்லை. தடையாக இருந்தது எங்கள் ஐம்பது சதுர மீற்றர்தான். ஐந்து அறை இருந்தபோது அக்காவுக்கு அத்தான் இருந்தார். அக்கா தனித்தபோது எங்களிடம் அறை இல்லை. இதை யாரோடு போய் நோகிறது!

கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் எங்கே வைப்பது என்று அப்போதே என் மண்டைக்குள் வண்டு குடையத் தொடங்கியது. அதற்கு முன், வரப்போகும் இரண்டு கிழமைக்கு அக்காவை எங்கே படுக்கவைப்பது என்ற கேள்வி வந்து நின்றது.

ஆரணி போனில் ஒரு நொடியில் தீர்த்துவைத்தாள். எங்கள் கட்டடத்துக்குப் பொதுவாக இரண்டாம் மாடியில் ஒரு விருந்தாளி அறை உண்டு. குடியிருப்பவர்கள் பதிவு செய்தால் தங்கள் விருந்தினரை அதில் தங்கவைக்கலாம்.

"மாமியை அதிலை விடுங்கோவன். எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம். ஹெல்ட் நொர்மால்ட், அப்பா."

அவர்களுக்கு அது சாதாரணம்தான். பெரித்தின் மகன் குடும்பத்தோடு வந்தால் கீழேதான் படுப்பான். காலையில் மேலே வந்து கதவைத் தட்டி, கோப்பி குடித்துவிட்டுப் போவான். ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. எங்கள் சனத்துக்குள் அப்படிச் செய்துவிட்டு உயிரோடு இருக்க முடியுமா? கூடப்பிறந்த அக்காவைக் கொண்டுபோய் வேறு மாடியில் படுக்கவைத்தானாம் என்ற கதை, அக்கா பெட்டியைத் திறக்கும் முன்னே கனடாவுக்குப் போய்விடும்.

சரி, நாங்கள் கீழே போய்ப் படுக்கிறோம், நீங்கள் மேலே இருங்கள் என்று சொல்லலாமா? அதைவிட மோசம். தன்னால் தம்பி வீட்டை விட்டு வெளியே போனான் என்று அக்கா அடுத்த கப்பலிலேயே ஏறிவிடுவார்.

ஹோலில் பாய் விரிக்கலாமென்றால், நாங்கள் நிலத்தில் படுக்க அக்கா கட்டிலில் படுக்க மாட்டார். சத்திரசிகிச்சை செய்த முழங்காலோடு தானும் நிலத்துக்கு வருவார்.

ஆகவே ஒரு பொய்யைக் கட்டினோம். ஹோலில் இருக்கும் சோபாச் செற்றியை இழுத்தால் இரட்டைக் கட்டில் ஆகும், நாங்கள் அதில் படுப்போம் என்று அக்காவிடம் சொல்வது. அந்தச் செற்றி எந்தப் பக்கம் இழுத்தாலும் செற்றிதான். அக்கா மருந்து போட்டுவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் நித்திரைக்குப் போகிறவர். அவர் படுத்ததும் நாங்கள் கீழே இறங்குவது. காலையில் அவர் எழும்ப முன் மேலே ஏறுவது. பதினான்கு நாளுக்கும் விருந்தாளி அறையை என் பெயரில் பதிவு செய்தேன்.

"ஒண்டுமில்லை, பெட்டியள்"

இங்கே கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன். அக்கா முதன்முதல் ஒஸ்லோவுக்கு வந்தது நான் வந்து இரண்டாவது வருடமோ மூன்றாவது வருடமோ. அதே கோபன்ஹேகன் கப்பல், அதே துறை. அத்தானும் அக்காவும் கலியாணம் முடித்த புதிது.

நான் அப்போது ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில் இருந்தேன். ஒரு அறை, அதற்குள் ஏழு பொடியள். கப்பலால் இறங்கிய இருவரையும் நேரே அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன். எங்கே படுப்பது என்று யாரும் யோசித்ததாக ஞாபகம் இல்லை. யன்னல் சீலையைக் கழற்றி அறையின் நடுவில் கட்டினோம். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள் ஏழு பேர். அக்கா தொழிற்சாலையில் இருந்து கொண்டுவந்த மீனைக் குழம்பு வைத்தார். முழு மாடியும் மணத்தது. அந்தக் கிழமை போல நான் பிறகு சிரித்ததில்லை.

துறையில் இறங்கியபோது எதிர்க்கரையைக் காட்டி அக்கா கேட்டார். "அங்காலை என்ன தம்பி?"

"ஒண்டுமில்லை, பெட்டியள்" என்றேன்.

கொள்கலன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. பாரந்தூக்கிகள் நின்றன. மனிதர் போகிற இடமாக அது இருக்கவில்லை. அந்த ஒண்டுமில்லையில்தான் இப்போது எனக்குத் தபால் வருகிறது.

ஏழு பேருக்கு நடுவில் எட்டாவது, ஒன்பதாவது ஆளுக்கு இடம் இருந்த எனக்கு, ஐம்பது சதுர மீற்றரில் மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லாமல் போனது எப்படி என்று இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். விடை எனக்குப் பிடிக்கவில்லை.

வெறும் அறை

உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டு கிழமையும் எனக்குக் கனவு போலத்தான் போனது.

இரவு ஒன்பதரை. அக்கா படுத்துவிட்டார். நோர்வேக் கோடை, வெளியே வெயில் இன்னும் மஞ்சளாக நீண்டு கிடக்கிறது. நானும் சுகந்தியும் நுனிக்காலில் இறங்குகிறோம். விருந்தாளி அறையில் இரண்டு வெள்ளைக் கட்டில், ஒரு மேசை விளக்கு, ஒரு கதிரை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அலுமாரியைத் திறந்தால் ஆறு வெறும் சட்டைக் கொழுவிகள்.

அந்த அறையில் எங்களுடையது என்று ஒன்றுமே இருக்கவில்லை. துடைக்கவேண்டிய படம் இல்லை, திறக்கவேண்டிய கடிதம் இல்லை, பழைய கோபம்கூட இல்லை. லோறென்ஸ்கூக் வீட்டில் இருந்த காலத்தில் நாங்கள் கதைத்ததெல்லாம் பனி, பிள்ளை, பள்ளிக்கூடம், கார் இவைதான். இங்கே சுகந்தி யன்னலைத் திறந்து வைத்துவிட்டு, சின்ன வயதில் தனக்கு நாய்க்குப் பயம் என்று தொடங்கி, எனக்குத் தெரியாத ஏதேதோ கதைகள் சொன்னாள். கீழே பலகைப் பாதைக்கு அடியில் தண்ணீர் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். படகுகளின் கயிறுகள் பாய்மரத்தில் பட்டுக் கிணுகிணுக்கும். பாதிக் கதையில் நான் உறங்கிவிடுவேன்.

பகலில் மூன்று பேரும் பலகைப் பாதையில் நடந்தோம். அக்கா கடலுக்குள் இறங்கும் படியில் உட்கார்ந்து சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் நனைத்தார். அரை நிர்வாணமாகக் குதிக்கும் சனத்தைப் பார்த்து, "டென்மார்க்கிலையும் இதுகள் இப்பிடித்தான்" என்றார். சவுனாப் புகையை மூக்கால் இழுத்து, "விறகடுப்பு மணம்" என்றார். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் திரும்பிக்கொண்டிருந்தது.

"நீங்கள் ரெண்டு பேரும் ஒரு சத்தமில்லாமல் நித்திரை கொள்ளுறியள். அத்தான் எண்டால் குறட்டையிலை வீட்டையே தூக்குவார்" என்று ஒரு காலையில் சொன்னார். நான் பாணுக்குப் பட்டர் பூசுவதில் மும்முரமாகிவிட்டேன்.

ஒவ்வொரு நாளும் கீழ் அறையில் விளக்கை அணைக்கும் முன் சுகந்தி கேட்பாள். "மச்சாளைக் கேட்டியளோ?"

"நாளைக்குக் கேக்கிறன்."

"உங்கடை அக்கா. நீங்கள்தான் கேக்கவேணும். நான் கேட்டால் நீங்கள் கேக்கச் சொன்னதெண்டு நினைப்பா."

"நாளைக்கு" என்றேன் மறுநாளும். எந்தத் தருணம் சரியென்று பார்த்துக்கொண்டே பன்னிரண்டு நாள் போனது. படியில் கால் நனைக்கும்போது கேட்டிருக்கலாம். அக்கா சந்தோசமாக இருக்கிறார், குழப்ப வேண்டாம் என்று நினைத்தேன். கோழை எப்போதும் மற்றவர் சந்தோசத்தைத்தான் சாட்டுச் சொல்வான்.

மூன்று தேத்தண்ணி

கடைசி நாள் காலை வழக்கம்போல ஐந்து மணிக்குப் படியேறி, பூட்டைச் சத்தமில்லாமல் திருகி, கதவைத் தள்ளினேன். அக்கா மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மூன்று தேத்தண்ணி ஆவி பறந்துகொண்டிருந்தது.

"வாங்கோ, ஆறமுதல் குடியுங்கோ" என்றார்.

என் கையில் செருப்பு. சுகந்தியின் கக்கத்தில் தலையணை. ஒளிக்க ஒரு மூலை இல்லாத வீடு.

"மூண்டாம் நாளே தெரியும்" என்றார் அக்கா. "கீழை லிஃப்டுக்குப் பக்கத்திலை அறிவித்தல் பலகையிலை ஒரு பட்டியல் கொழுவியிருக்கு. விருந்தாளி அறை, ஆர் பேர், எத்தினை நாள் எண்டு. உன்ரை பேர் பதினாலு நாளுக்குக் கிடக்குது. வந்த விருந்தாளி நான். மேலை படுத்திருக்கிறதும் நான். அப்ப கீழை ஆர்?"

அந்தப் பட்டியல் அங்கே தொங்குவது எனக்குத் தெரியும். அக்கா அதை வாசிப்பார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. எங்களுக்கு அவர் ஊரில் இருந்து வந்த அக்கா. நோர்வே எழுத்து அவருக்குத் தெரியாது.

"தம்பி, நான் முப்பது வருசத்துக்கு மேலை டென்மார்க்கிலை இருக்கிறன். எழுத்திலை டேனிஷுக்கும் நோர்வேக்கும் பெரிசா என்ன வித்தியாசம்? நான் வாசிக்கமாட்டன் எண்டு நினைச்சியளோ?"

"ஏன் அக்கா அப்பவே சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டிடுவியள். ரெண்டு பேரும் காலமை சிரிச்ச முகத்தோடை வாறியள். ஏன் குழப்புவான் எண்டு விட்டிட்டன்."

சுகந்தி அழுதுவிட்டாள். அக்கா அவள் தலையைத் தடவினார். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்.

"உங்களுக்கு இஞ்சை இடம் காணாது. அது எனக்கு விளங்குது."

இப்போது சொல்லியிருக்க வேண்டும். இடம் கிடக்கட்டும் அக்கா, வந்து எங்களோடு இருங்கோ என்று. சுகந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தேத்தண்ணி போடட்டோ அக்கா?" என்றேன்.

"ஓம், போடு" என்றார்.

கப்பல்

மாலையில் அக்காவைத் துறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஏற்றிவிட்டு, டாக்சியில் வீட்டுக்கு ஓடிவந்தோம். எங்கள் பல்கனியில் இருந்து பார்த்தால் கோபன்ஹேகன் கப்பல் போவது தெரியும். மேல்தட்டில் நிற்கிறேன், கை காட்டுங்கோ என்று அக்கா சொல்லியிருந்தார்.

கப்பல் கரையை விட்டு மெதுவாக விலகியது. வெயிலில் பெரிய வெள்ளைக் கட்டடம் ஒன்று நகர்வது போல இருந்தது. மேல்தட்டு நிறையச் சனம். யார் அக்கா என்று தெரியவில்லை. சுகந்தி மேசைவிரிப்பை எடுத்து வீசினாள். நான் போன் எடுத்தேன்.

"தெரியுது, தெரியுது. சுகந்தி வெள்ளையா ஏதோ வீசுறா" என்றார். குரலுக்குள் காற்று இரைந்தது.

கப்பல் போய்க்கொண்டிருந்தது. முகம் பார்க்கத் தேவையில்லாத தூரம் வந்ததும் எனக்குத் துணிச்சல் வந்தது.

"அக்கா, நீங்கள் எங்களோடை வந்து இருங்கோவன்."

"இதைக் கேக்க உனக்குக் கப்பல் வெளிக்கிடவேணுமே, தம்பி?"

சுகந்தி மேசைவிரிப்பை வீசுவதை நிறுத்தினாள்.

"சரி, காத்து அடிக்குது. வைக்கிறன்" என்றார்.

இது நடந்து இரண்டு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறோம். முழங்கால், மழை, மரக்கறி விலை, ஆரணியின் கலியாணப் பேச்சு எல்லாம் வரும். அந்தக் கதை மட்டும் வராது. கேட்டேன்தானே, அவர் வரவில்லை, நான் என்ன செய்வது என்று என்னை நானே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். அந்தச் சமாதானத்தில் இரண்டு வருடம் பல்கனியில் இருந்து கடல் பார்த்தேன்.

நான் எழுதுவதை அச்சுக்கு அனுப்பும் முன் சுகந்திதான் வாசிப்பாள். இதையும் இந்த இடம்வரை வாசித்தாள். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"ஊருக்கெல்லாம் சொல்லுறதுக்கு முதல் அவவுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ."

"எங்கை படுக்கவைக்கிறது?" என்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகும் என் வாயில் முதலில் வந்தது அதுதான்.

"உங்களை வெளியிலை படுக்கவைப்பம். முதல் கேளுங்கோ."

இன்றைக்கு ஞாயிறு அல்ல, புதன்கிழமை. மதியம். புதன்கிழமையில் என் பெயரைப் பார்த்ததும் அக்கா பதறிப்போய்த்தான் எடுத்தார். ஆருக்கும் ஏதாவதோ என்று கேட்டார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றேன். நான் அறையில் இருக்கிறேன், கப்பல் ஒன்றும் போகவில்லை, நேராகக் கேட்கிறேன் என்றேன்.

"அக்கா, எங்களோடை வந்து இருங்கோ."

அக்கா யோசிக்கவே இல்லை.

"எந்த மாசம்?" என்றார்.